களி உருண்டைக்கு எத்தனை யூனிட்?



பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய ஏழு வயது மகளுக்கு டைப் 1 சர்க்கரை என்று சமீபத்தில்தான் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாயிற்று, ஊசி போடவும் கை பழகிவிட்டது. அவர் கேட்டது ஒன்றுதான்: "சோறு போடாதே, களி போடு என்று ஊரே சொல்கிறது. களி போட்டாலும் சுகர் ஏறுகிறதே, ஏன்?"

தர்மபுரி மாவட்டத்தில் களியைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லிவிட முடியாது. நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷன் கடையில் அரிசியில் 2 கிலோவைக் குறைத்து அதற்குப் பதில் கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தை அரசு 2023ல் கொண்டுவந்ததே இங்குள்ள பழக்கத்தைப் பார்த்துத்தான். நாற்பது வயதில் சர்க்கரை வந்த அப்பாவுக்குக் களி நல்லதுதான். நார்ச்சத்து இருக்கிறது, சுண்ணாம்புச்சத்து ஏராளம், வயிறும் நிறைந்து நிற்கும். ஆனால் 100 கிராம் கேழ்வரகு மாவில் 70 கிராமுக்குச் சற்று முன்பின்னாக மாவுச்சத்து இருக்கிறது. அரிசியில் 78 கிராம். இரண்டுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். அந்த மாவுச்சத்து முழுவதும் வயிற்றில் குளுக்கோஸாகத்தான் மாறும். அதை ரத்தத்திலிருந்து உடம்புக்குள் ஏற்றிவிட இன்சுலின் வேண்டும். அப்பாவின் உடம்பில் அது கொஞ்சமாவது சுரக்கிறது. இந்தக் குழந்தைக்கு அது அநேகமாக இல்லை.

டைப் 1 என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை எதிரி என்று நினைத்து அழித்துவிடுவது. மிட்டாய் தின்றதால் வருவதில்லை. "நான் வயிற்றில் சுமந்தபோது மாம்பழம் நிறைய சாப்பிட்டேனே, அதனாலா?" என்று அதே கடிதத்தில் அந்தத் தாய் ஒரு ஓரத்தில் கேட்டிருந்தார். இல்லை அம்மா. காரிமங்கலம் தோப்பு மாம்பழம் முழுவதையும் நீங்களே சாப்பிட்டிருந்தாலும் இது அதனால் வந்திருக்காது.

நம் வீடுகளில் நோய் என்றாலே முதலில் வருவது பத்தியம். அதை நிறுத்து, இதை ஒதுக்கு. வளர்கிற குழந்தைக்கு டைப் 1 வந்த வீட்டில் இந்தப் பழக்கம் கெடுதல் செய்கிறது என்பது என் கருத்து. இன்சுலின் வருவதற்கு முன்பு உலகம் முழுக்க இருந்த ஒரே வைத்தியம் பத்தியம்தான். அமெரிக்காவில் ஃபிரெடரிக் ஆலன் என்ற மருத்துவர் குழந்தைகளை ஏறக்குறையப் பட்டினி போட்டுச் சில மாதங்கள், சில ஆண்டுகள் உயிரை நீட்டிவைத்தார். அவரிடம் இருந்த எலிசபெத் ஹ்யூஸ் என்ற பெண் பதினைந்தாவது வயதைத் தொடும்போது 20 கிலோ சொச்சம்தான் இருந்தாள். 1922 ஆகஸ்டில் டொராண்டோவில் அவளுக்கு இன்சுலின் கிடைத்தது. அதன் பிறகு வயிறாரச் சாப்பிட்டு, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, 1981 வரை வாழ்ந்தாள். சாப்பாட்டைக் குறைத்து நோயைச் சமாளித்த காலம் அதோடு போயிற்று. இன்றைக்குச் சாப்பாட்டுக்கு ஏற்ப மருந்தைக் கணக்குப் போடவேண்டும்.

அந்தக் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதை ஓர் உதாரணத்தில் காட்டுகிறேன். இது உங்கள் குழந்தைக்கான அளவு கிடையாது, அதை உங்கள் டாக்டர்தான் சொல்லவேண்டும். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 15 யூனிட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 500ஐ அந்த 15ஆல் வகுத்தால் 33 வரும். அதாவது 1 யூனிட் இன்சுலின் சுமார் 33 கிராம் மாவுச்சத்தைச் சமாளிக்கும். 50 கிராம் மாவில் கிண்டிய சின்னக் களி உருண்டையில் 35 கிராம் போல மாவுச்சத்து இருக்கும். ஆகவே அந்த உருண்டைக்கு 1 யூனிட் போல. ஏற்கெனவே ஏறியிருக்கும் சுகரை இறக்குவதற்கும் இதே மாதிரி ஒரு வகுத்தல் உண்டு. வேகமாக வேலை செய்யும் புதுவகை இன்சுலினுக்கு 1800ஐயும், பழைய ரெகுலர் இன்சுலினுக்கு 1500ஐயும் வகுப்பார்கள். நம் உதாரணக் குழந்தைக்கு 1 யூனிட் ரெகுலர் ஏறக்குறைய 100 புள்ளி இறக்கும். பெரியவர் ஒருவருக்கு ஒரு யூனிட் கூடக்குறைய இருந்தால் பெரிதாகத் தெரியாது. இந்தக் குழந்தைக்கு அது 180க்கும் 80க்கும் உள்ள தூரம். அதனால்தான் சின்னக் குழந்தைகளுக்கு அரை யூனிட் போடக்கூடிய இன்சுலின் பேனாக்கள் இருக்கின்றன.

களி உருண்டையை எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். மாவைக் கிண்டும் முன் அளந்து போடுவதுதான் வழி. காய்கறித் தராசில் ஒரு முறை நிறுத்து, எந்தக் கிண்ணத்துக்கு எத்தனை கிராம் என்று தெரிந்துகொண்டால் அந்தக் கிண்ணமே படியாகிவிடும். மரவள்ளிக் கிழங்கு பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கத்துப் பிள்ளைகளின் சாயங்காலத் தீனி. அது கிழங்குதானே என்று கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். 100 கிராமில் சோற்றைவிட அதிக மாவுச்சத்து அதில் உண்டு. கூழ், கஞ்சி, சாமைச் சோறு எல்லாவற்றுக்கும் இப்படியே. நிலக்கடலை, முட்டை, கீரைக்கு அனேகமாகக் கணக்கு வேண்டாம்.

இதைவிட அவசரமான ஒன்றுக்கு வருகிறேன். சிரிஞ்சின் மூடி என்ன நிறம் என்று இன்றைக்கே பாருங்கள். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜும் சில குப்பிகளும் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான். குழந்தைக்குச் சுகர் ஏறிக்கொண்டே போகும், காரணம் யாருக்கும் புரியாது. இதைத் தலைகீழாகச் செய்தால் ஆபத்து. 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் 25 யூனிட் ஏறிவிடும். மருந்துக் கடையில் "இன்சுலின் சிரிஞ்ச் ஒண்ணு" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். குப்பியை எடுத்துப் போய்க் காட்டி வாங்குங்கள். பேனா கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்கும் வேலையே வேண்டாம்.

அரசு ஆஸ்பத்திரியில் அதிகமாகத் தருவது இரண்டு வகை. தண்ணீர் போலத் தெளிவாக இருப்பது ரெகுலர். பால் கலந்தது போல இருப்பது என்.பி.எச். கலங்கலை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக உருட்டவேண்டும், குலுக்கக் கூடாது. ஒரே சிரிஞ்சில் இரண்டையும் எடுப்பதாக இருந்தால் தெளிந்ததை முதலில், கலங்கலை அடுத்து. ரெகுலர் போட்டு அரை மணி கழித்துத்தான் அதன் வேலை தொடங்கும். என்.பி.எச். நிதானமாக ஏறி, நாலு மணி நேரத்துக்குப் பிறகுதான் உச்சத்துக்கு வரும். காலை 7 மணிக்குப் போட்டது மத்தியானத்தில் முழு வேகத்தில் இருக்கும். அதாவது குழந்தைக்கு அப்போது பசி இருக்கிறதோ இல்லையோ, மருந்துக்குச் சோறு வேண்டும். பள்ளியில் ஏதோ விழா என்று சத்துணவு ஒன்றரை மணிக்குத் தள்ளிப்போனால் இந்தக் குழந்தை தாங்காது.

காலை உணவும் அப்படித்தான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. நல்ல திட்டம், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டில் ரெகுலர் ஊசி போட்டு, பள்ளிக்கு நடந்து போய், அங்கே உப்புமா தயாராவதற்குக் கால் மணி தாமதமானால் என்ன ஆகும்? அல்லது அன்றைக்கு உப்புமா பிடிக்கவில்லை என்று பிள்ளை பாதியில் எழுந்துவிட்டால்? ஊசி போட்ட குழந்தை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போவது உத்தமம். பள்ளியில்தான் சாப்பிடவேண்டும் என்றால் சமைக்கும் அக்காவுக்கும் வகுப்பு ஆசிரியருக்கும் விஷயம் தெரிந்திருக்கவேண்டும்.

டாக்டர் முதலில் எழுதிக் கொடுத்த அளவு மாறிக்கொண்டே இருப்பதைப் பார்த்துப் பல பெற்றோர் கலங்கிப்போகிறார்கள். மாறுவதுதான் முறை. ஊசி ஆரம்பித்த சில வாரங்களில், மிச்சமிருக்கும் செல்கள் கொஞ்சம் தெம்பு பெற்று மறுபடி சுரக்கத் தொடங்கும். 15 யூனிட் போட்ட குழந்தைக்கு 8 யூனிட்டே போதும், சிலருக்கு அதற்கும் கீழே. டாக்டர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்கிறார்கள். நான் பயப்படுவது இந்தக் காலத்தை நினைத்துத்தான். "நோய் இறங்கிவிட்டது" என்று வீடு நினைக்கும். யாரோ ஓர் ஊரில் வேர் அரைத்துக் கொடுப்பதாகச் சொல்வார்கள். மருந்து சாப்பிட்ட நேரமும் தேனிலவும் ஒன்றாக அமைந்துவிட்டால், வேர்தான் குணமாக்கியது என்று ஊசியை நிறுத்திவிடுவார்கள். பிறகு ஒரு காய்ச்சலோ சளியோ வரும். சில நாட்களில் வாந்தி, வயிற்று வலி, ஆழமாக இழுத்து இழுத்து மூச்சு, வாயில் பழம் அழுகின வாடை. வாந்தியும் வயிற்று வலியும் என்றதும் தொக்கம் எடுக்க அழைத்துப் போவோம். அந்த அரை நாள்தான் உயிருக்கு ஆபத்தாக முடிகிறது. டைப் 1 குழந்தைக்கு, சாப்பிடாவிட்டாலும் காய்ச்சலாக இருந்தாலும் இன்சுலினை முழுதாக நிறுத்தக் கூடாது. எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்று டாக்டரைப் போனில் கேளுங்கள். வாந்தி நிற்கவில்லை என்றால் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நோய் இன்னும் கண்டுபிடிக்கப்படாத குழந்தைகள் விஷயத்திலும் தாமதிக்கக் கூடாது. படுக்கையை நனைப்பதை விட்டுப் பல நாள் ஆன பிள்ளை திடீரென மறுபடி நனைத்தால், குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால், கன்னம் ஒட்டினால், சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்த்தால், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையமே போதும்.

நவம்பர் 14 நமக்குக் குழந்தைகள் தினம். உலக நீரிழிவு தினமும் அதே நாள்தான், ஏனென்றால் இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஃபிரெடரிக் பாண்டிங் பிறந்தது 1891 நவம்பர் 14ல். 1922 ஜனவரி 11ல் டொராண்டோ பொது மருத்துவமனையில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். அது சரியாகச் சுத்தப்படுத்தப்படாத மருந்து, ஊசி போட்ட இடம் புண்ணாகிப்போனது. அதே குழுவில் இருந்த ஜேம்ஸ் கோலிப் இரவு பகலாக உட்கார்ந்து சுத்தம் செய்து கொடுக்க, ஜனவரி 23லிருந்து மறுபடி போட்டார்கள். பையன் பிழைத்தான். அப்போது அளவு என்று ஒன்றே கிடையாது. பட்டினி போட்ட 2 கிலோ முயலின் சர்க்கரையை எவ்வளவு மருந்து பாதாளத்துக்கு இறக்குகிறது என்று பார்த்துத்தான் "யூனிட்" என்பதையே வகுத்தார்கள். அளவு கண்டுபிடிக்கத் திணறுகிற அம்மாமார்களே, அதைக் கண்டுபிடித்தவர்களும் திணறியவர்கள்தான். அவர்கள் இன்சுலினின் காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு 1 டாலருக்குக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன், மருந்துக் கடை பில்லைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்ளலாம்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு சங்கடம் உண்டு. பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்குப் பனியன் வேலைக்கும் போன பெற்றோர், பிள்ளைகளை ஆயா தாத்தாவிடம் விட்டிருக்கிறார்கள். ஊசி போடும் பொறுப்பு ஆயா கைக்கு வருகிறது. ஆயாவுக்கோ சிரிஞ்சின் மெல்லிய கோடு தெரிவதில்லை. இதற்குப் பல வீடுகள் தாமாகவே ஒரு வழி கண்டிருக்கின்றன. மருந்தை இழுத்து, சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்து, வீடியோ காலில் அம்மாவிடம் காட்டிவிட்டுக் குத்துகிறார்கள். பேனா கிடைத்தால் இன்னும் சுலபம், ஒவ்வொரு யூனிட்டுக்கும் 'டிக்' என்று கேட்கும், கண் தெரியாவிட்டாலும் காதால் எண்ணலாம். போட்ட அளவு, நேரம், சுகர், சாப்பாடு நான்கையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தால் அடுத்த முறை டாக்டர் அளவை மாற்ற அந்த நோட்டுதான் கண். ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் அங்கே கட்டி தட்டி மருந்து சரியாக இறங்காது என்பதை ஆயாவிடம் தனியாகச் சொல்லவேண்டும். வலிக்காத இடம் என்று பிள்ளையே அந்தக் கட்டியைத்தான் காட்டும்.

ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளுக்கு: திறக்காத குப்பி 2லிருந்து 8 டிகிரியில் இருக்கவேண்டும். உபயோகத்தில் இருக்கும் குப்பி 30 டிகிரிக்குள் நாலு வாரம் தாங்கும். ஏப்ரல் மாதத் தர்மபுரியில் 30 டிகிரி எங்கே கிடைக்கும்? மண்பானைதான். பெரிய பானையில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதற்குள் தண்ணீர் படாமல் டப்பாவில் குப்பி, மேலே ஈரத்துணி. அகதி முகாம்களில் வேலை செய்யும் மருத்துவர்களே கைக்கொள்ளும் முறை இது. ஃபிரிட்ஜ் இருந்தால் கதவில் வையுங்கள், ஃபிரீசருக்குப் பக்கத்தில் வேண்டாம், உறைந்த இன்சுலின் வீண். தேர்தலுக்கு வாக்குப்பதிவு எந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போன கோட்டூர் மலை போன்ற ஊர்களில் ஒரு குழந்தைக்கு இது வந்தால், கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு மாத மருந்தாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

சுகர் 70க்குக் கீழே போனால் அது 'லோ'. கை நடுங்கும், வியர்க்கும், முகம் வெளிறும், சில பிள்ளைகள் காரணமில்லாமல் அழும், அடம்பிடிக்கும். 20 கிலோ குழந்தைக்கு ஒன்றரை டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பவுடரோ தண்ணீரில் கலந்து உடனே கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள். நாள் முழுக்க ஓடியாடி விளையாடிய அன்று இரவு மூன்று மணிக்கு ஒரு முறை விரலைக் குத்திப் பார்ப்பது, முக்கியமாக முதல் சில மாதங்களில், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் முறைபோட்டுச் செய்யவேண்டிய வேலை. அம்மாவுக்கு மட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

இங்கேதான் என் மனத்தாங்கலும். அரசு ஆஸ்பத்திரியில் இன்சுலின் இலவசம். ஆனால் வீட்டில் பரிசோதிக்கும் ஸ்ட்ரிப்புக்குப் பெரும்பாலான வீடுகள் கைக்காசைத்தான் போடுகின்றன. ஒன்று ஏறக்குறைய 20 ரூபாய் என்றால் நாளைக்கு நாலு முறை பார்க்க 80 ரூபாய். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் முதலில் குறைவது இதுதான். சுகர் எவ்வளவு என்று பார்க்காமல் போடும் ஊசி கண்ணைக் கட்டிக்கொண்டு போடுவதுதான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ல் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பெரியவர்களின் பி.பி., சுகர் மாத்திரையை வீடு தேடிக் கொண்டுவரும் அந்தப் பையிலேயே, ஊருக்கு ஒன்றோ இரண்டோ இருக்கும் இந்தக் குழந்தைகளுக்கு ஸ்ட்ரிப்பும் வரவேண்டும் என்று இந்தப் பக்கத்தின் மூலம் கேட்கிறேன். கோவையில் டாக்டர் கிருஷ்ணன் சுவாமிநாதன் தொடங்கிய இதயங்கள் அறக்கட்டளை வசதியில்லாத டைப் 1 குழந்தைகளுக்கு உதவி வருகிறது. ஆனால் எல்லாவற்றையும் அறக்கட்டளைகளே செய்யவேண்டும் என்று விட்டுவிட முடியாது.

கடைசியாகப் பள்ளிக்கூடம். ஊசி போடும் பிள்ளை என்று தெரிந்தால் மற்றவர்கள் ஒதுக்குவார்களோ, பெண் பிள்ளையானால் நாளைக்குக் கல்யாணத்தில் பேச்சு வருமோ என்று பல வீடுகள் பள்ளியில் சொல்வதே இல்லை. மறைத்தால் மயங்கி விழும்போது யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. டைப் 1 மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரையும் பழமும் தண்ணீரும் கொண்டுபோகலாம் என்று சி.பி.எஸ்.இ. 2017லேயே அனுமதித்தது. வகுப்பறையில் சுகர் பார்க்கவும், இன்சுலின் போடவும், இடையில் சாப்பிடவும் விடவேண்டும் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023ல் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வருகிறது. டாக்டரிடம் ஒரு சான்று வாங்கி, தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதமும் சேர்த்து இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். மீட்டரும் குளுக்கோஸ் பாக்கெட்டும் மேசை மேலேயே இருக்கவேண்டும் என்றும், நடுவில் சிறுநீர் கழிக்கப் போக அனுமதி வேண்டும் என்றும், 'லோ' ஆனால் அந்த நிமிடங்களைச் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்றும் அதில் தெளிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்